ஃபோர்மேன் பதில்கள்: பெரிய காடி, தோட்டத்து ரோடு

போன இதழ்ல கடைசி பதில்ல "தோட்டத்து ரோட்டுல பிஎம்டபிள்யூ ஓட்டுறவங்களுக்கு கோயில்ல தனியா ஒரு அர்ச்சனை போடணும்"னு சும்மா சிரிப்புக்கு எழுதி வச்சேன். அதுக்கு வந்த கடிதத்தையும் வாட்ஸாப்பையும் பாத்தா சுங்கை சிப்புட்ல இருந்து லிந்தாங் வரைக்கும் பாதி வீட்டுல பெரிய காடி ஆசை இருக்கும் போல. அதனால இந்த மாசம் முழுக்க அதுதான். மைவி, வீரா மாதிரி சாதா காடி வச்சிருக்கவங்க கோவிச்சுக்காதீங்க, உங்க கேள்வியெல்லாம் ஃபைல்ல பத்திரமா இருக்கு.

கேள்வி: அண்ணே, நான் பொறந்தது லயத்துல, அப்பா பால் மரம் வெட்டுனவரு. இப்ப நான் ஈப்போவுல பேக்டரியில சூப்பர்வைசர். 2013 பிஎம்டபிள்யூ 520ஐ ஒண்ணு 52 ஆயிரம் வெள்ளிக்கு வருது, கிட்டத்தட்ட புது மைவி விலைதான். வாங்கலாமா? அம்மா வேணாங்குறாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா போட்டோவ மூணு தடவ வாங்கி பாத்தாரு.
(சுங்கை சிப்புட் வாசகர்)

பதில்: தம்பி, அப்பா மூணு தடவ பாத்தாருன்னு எழுதுனீங்க பாருங்க, அத படிச்சுட்டு ஒரேயடியா வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா கணக்க ஒழுங்கா போட்டுருவோம்.

இது எஃப்10 மாடல். புதுசா ஷோரூம்ல நிக்கும்போது 3 லட்சம் வெள்ளிக்கு மேல. இப்ப 52 ஆயிரம். காடி விலை எறங்கிருச்சு, ஆனா உள்ள இருக்குற வாட்டர் பம்புக்கு நீங்க 52 ஆயிரத்துக்கு வாங்குனவரா 3 லட்சத்துக்கு வாங்குனவரான்னு தெரியாது, அது பெரிய வீட்டு விலையிலயேதான் கேக்கும். அதுவும் இந்த பம்ப் பெல்ட்ல ஓடுறது கிடையாது, கரண்டு மோட்டர், அதனால பழைய காடி மாதிரி கீச்சு கீச்சுன்னு கத்தி முன்கூட்டியே சொல்லாது, ஒரு நாள் ஹைவே நடுவுல டெம்பரேச்சர் செவப்பாகி நிக்கும், அப்பதான் தெரியும். பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேத்து மாத்துனா ஆயிரம் வெள்ளிக்கு மேல போயிரும். ரோட் டேக்ஸ பத்தி மட்டும் கவலப்படாதீங்க, 1,997 சிசி, வருஷத்துக்கு 378 வெள்ளி 50 காசு, நம்ம ஊர்ல 2 லிட்டர் எந்த சலூன் காடியா இருந்தாலும் அதே கணக்குதான்.

இனி காடிய எப்படி பாக்குறதுன்னு சொல்றேன், இத கிழிச்சு பையில வச்சுக்கங்க. காலையில போங்க, போறதுக்கு முன்னாடியே விக்கிறவர்கிட்ட "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லிருங்க. போனதும் பேச்சு குடுக்குறதுக்கு முன்னாடி போனட் மேல கைய வைங்க. சூடா இருந்தா அவர் ஏற்கனவே ஓட விட்டு சத்தத்த அடக்கி வச்சிருக்காருன்னு அர்த்தம், ஒரு தே தாரேக் குடிச்சுட்டு வர்றேன்னு போயி ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. ஏன்னா இதுல இருக்குறது என்20 எஞ்சின், அதோட டைமிங் செயின் ஓடுறதுக்கு புடிமானமா இருக்குற கைடு பிளாஸ்டிக்ல செஞ்சது, வயசானா வறட்டு மட்டை மாதிரி நொறுங்கும், நொறுங்குன துண்டு கீழ ஆயில் பான்ல விழுந்து பம்ப் உறிஞ்சுற வாய அடைக்கும், அப்புறம் எஞ்சினே போச்சு. சில்லுன்னு இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, மெதுவா மிதிச்சு, ஆர்பிஎம் ஏற ஏற "ஊய்ங்ங்"னு ஒரு சத்தம் கூடவே ஏறுதான்னு கேளுங்க, தகரத்த உரசுற மாதிரி சத்தம் வந்தா இன்னும் மோசம். அப்படி கேட்டா கும்புடு போட்டுட்டு வந்துருங்க.

ஆயில் பாக்க டிப்ஸ்டிக் தேடாதீங்க, கிடையாது. உள்ள ஸ்கிரீன்லதான் ஆயில் அளவு காட்டும். போனட்ட தொறந்து மூக்க வச்சு மோந்து பாருங்க, எண்ணெய் கருகுற வாடை வந்தா வால்வ் கவர் கேஸ்கெட்டோ ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டோ ஒழுகுது, நம்ம ஊரு சூட்டுல பத்து வருஷ காடியில இது வராம இருந்தாதான் அதிசயம், அதுக்காக ஓடிறாதீங்க, அத சொல்லி விலைய குறைங்க. அப்புறம் ஈப்போவுல இருந்து கோலகங்சார் பக்கமா ஹைவேயில மெனோரா மேட்டுல ஏத்துங்க. மேட்டுல கியர் மாறும்போது இடிக்குதா, நடுங்குதா, டெம்பரேச்சர் வார்னிங் ஏதும் வருதா பாருங்க. சமதரையில எல்லா காடியும் நல்ல புள்ளதான்.

வெள்ளத்துல மூழ்குன காடியாவும் இருக்கலாம். 2021 டிசம்பர்ல ஷா ஆலம் பக்கம் தண்ணி வந்தப்ப எத்தன காடி மூழ்குச்சுன்னு டிவியில பாத்தோமே, அதெல்லாம் எங்கயோ ஒரு இடத்துல கழுவி பாலிஷ் போட்டு வித்திருக்கும்ல. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, சுருட்டி இருக்குற அந்த கடைசி சாண்ல காஞ்ச மண்ணு கோடு இருந்தா முடிஞ்சுது கதை. சீட்டுக்கு அடியில இருக்குற போல்ட்டு துருப்புடிச்சிருக்கான்னும் பாருங்க. மைலேஜ் குறைச்சிருப்பாங்கன்னு சந்தேகமா இருந்தா நல்ல ஸ்கேனர் வச்சிருக்குற ஃபோர்மேன கூட்டிட்டு போங்க, மீட்டர்ல மாத்துனாலும் வேற பெட்டியில பழைய கணக்கு நின்னுருக்கும். பேர் மாத்துறதுக்கு புஸ்பாகோம் மாதிரி வாகன சோதனை மையத்துல பி5 செக் கட்டாயம், ஆனா அங்க பாக்குறது முக்கியமா சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர், பாடி இதத்தான், உங்க செயின் கைடு நல்லாருக்கான்னு அவங்க சொல்ல மாட்டாங்க. "புஸ்பாகோம் பாஸ் அண்ணே"ன்னு விக்கிறவர் சொன்னா சரின்னு தலையாட்டிட்டு போனட்ட தொறங்க.

இப்ப என் பேச்சு. 52 ஆயிரம் மட்டும் இருந்தா இத வாங்காதீங்க. 52 ஆயிரம் போக தனியா 10 ஆயிரம் ஒதுக்கி வைக்க முடிஞ்சா வாங்குங்க. முத வருஷம் அந்த பத்து போகும், ரெண்டாவது வருஷத்துல இருந்து ஒழுங்கா பாத்துக்கிட்டா அந்த ஸ்டீரிங்க புடிக்கிற சுகம் மைவியில சத்தியமா கிடைக்காது, பின் சக்கரம் தள்ளுற காடி, வளைவுல போகும்போது இடுப்புலயே தெரியும். அம்மாகிட்ட பத்தாயிரத்த முதல்ல காட்டுங்க, காடிய அப்புறம் காட்டுங்க.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் காடியில கியர் ஆயில் மாத்தவே வேணாம், லைஃப்டைம்னு புக்குல போட்டிருக்குன்னு சொல்றார். 5 சீரிஸ், 1 லட்சத்து 10 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருச்சு. உண்மையா?
(தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோலகங்சார்)

பதில்: டீச்சர், லைஃப்டைம்னா யாரோட லைஃப்டைம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ கேளுங்க. காடி கம்பெனி அப்படி சொல்லும், ஆனா அந்த கியர்பாக்ஸ செஞ்சு குடுக்குறது ஜெர்மனியில இருக்குற இசட்எஃப் கம்பெனி, அவங்க 80 ஆயிரத்துல இருந்து 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா 8 வருஷத்துல மாத்த சொல்றாங்க. செஞ்சவன் பேச்ச கேக்கறதா வித்தவன் பேச்ச கேக்கறதா, நீங்களே முடிவு பண்ணுங்க. உங்களுது மாத்துற நேரம்தான்.

இதுல ஃபில்டர் தனியா வராது, அடியில இருக்குற பிளாஸ்டிக் பானோட சேந்தே இருக்கும், அதனால பானையே மாத்தணும். ஆயில ஊத்திட்டு அளவு பாக்குறதுலதான் எல்லாரும் கோட்ட விடுறது. என் தப்பையே சொல்றேன். மொத தடவ 6 கியர் இசட்எஃப் பெட்டி என்கிட்ட வந்தப்ப, பழைய காடி பழக்கத்துல ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து நல்லா சூடா இருக்கும்போது அளவு தொளைய தொறந்தேன், ஆயில் வழிஞ்சுது, சரி நெறஞ்சுருச்சுன்னு மூடிட்டேன். சூட்டுல ஆயில் பொங்கும்ல, ஆறுனதும் உள்ள குறைவாதான் இருந்திருக்கு. ரெண்டு நாள்ல காடி நடுங்கிட்டு திரும்பி வந்துச்சு, என் செலவுல திரும்ப ஊத்துனேன். எஞ்சின் ஓடிட்டிருக்கணும், ஆயில் சூடு 30ல இருந்து 50 டிகிரிக்குள்ள இருக்கணும், ஸ்கேனர்ல அத பாத்துக்கிட்டேதான் தொளைய தொறக்கணும். உங்க ஃபோர்மேன் "ஸ்கேனர் எதுக்கு, கை பழக்கம்"னு சொன்னா வேற கடை பாருங்க. செலவு ஆயிரத்துக்கு மேல வரும், பெட்டிய ஓவரால் பண்றதோட பாத்தா அது டீ செலவு.

கேள்வி: பிஎம்டபிள்யூ லோகோ ஏரோப்ளேன் காத்தாடிதானே அண்ணே? கூட்டாளியோட 10 வெள்ளி பந்தயம்.
(இளைஞர், செம்மோர்)

பதில்: 10 வெள்ளிய குடுத்துருங்க தம்பி. லோகோ 1917ல பதிவு பண்ணது, நீலமும் வெள்ளையும் பவேரியா மாநிலத்து நெறம். 1929ல ஒரு விளம்பரத்துல ஏரோப்ளேன் காத்தாடிக்குள்ள அந்த லோகோவ வரைஞ்சு போட்டாங்க, அதுல இருந்து உலகமே அப்படி நம்பிட்டு இருக்கு.

கேள்வி: பேட்டரி செத்துப்போச்சுன்னு பட்டணத்துல ஒரு கடையில புதுசு போட்டேன். ஒரே வாரத்துல ஸ்கிரீன்ல என்னென்னமோ எழுத்து வருது, காடி நின்னா ரேடியோ தானா அணையுது. புது பேட்டரியே கெட்டதா?
(பாடாங் ரெங்காஸ் வாசகர்)

பதில்: பேட்டரி மேல பழி போடாதீங்க. இந்த காடியில பேட்டரி எவ்வளவு வயசு, எவ்வளவு சார்ஜ் குடுக்கணும்னு கம்ப்யூட்டர் கணக்கு வச்சிருக்கும், நெகட்டிவ் முனையில ஒரு சின்ன சென்சாரே உக்காந்திருக்கும். புதுசு போட்டா "புதுசு வந்துருச்சுய்யா"ன்னு ஸ்கேனர் வச்சு அதுகிட்ட சொல்லணும், ரெஜிஸ்டர் பண்றதுன்னு சொல்லுவாங்க. சொல்லலன்னா பழைய கெழட்டு பேட்டரிக்கு போடுற சார்ஜயே புதுசுக்கும் போடும். அதோட உங்க காடி ஏஜிஎம் பேட்டரி கேட்டா ஏஜிஎம்தான் போடணும், விலை குறையுதேன்னு சாதா பேட்டரி போட்டிருந்தாலும் இதே கதைதான். பில்ல எடுத்து என்ன எழுதியிருக்குன்னு பாருங்க.

இன்னொண்ணு, ராத்திரி பேட்டரி எறங்கி ஜம்பர் போட வர்றவங்க போனட்ட தொறந்து பேட்டரிய காணோம்னு முழிப்பாங்க. பேட்டரி பின்னாடி சாமான் வைக்கிற பூட்ல இருக்கு. ஆனா ஜம்பர் மாட்டுறதுக்குன்னே முன்பக்கம் போனட்டுக்குள்ள சிவப்பு மூடி போட்ட ஒரு முனை இருக்கும், அதுலதான் மாட்டணும், பூட்ட தொறந்து நேரா பேட்டரியில மாட்டாதீங்க.

கேள்வி: மழை பேஞ்சா சீட்டுக்கு அடியில கார்ப்பெட் ஈரமாகுது, பூசணம் வாடை. சன்ரூஃப் ரப்பர் மாத்தியும் நிக்கல. வீட்டு பின்னாடி பழைய பால் மரம் ரெண்டு இருக்கு, அதுக்கு கீழதான் காடிய விடுறது.
(ஜாலோங் வாசகர்)

பதில்: கடைசி வரியிலயே பதில எழுதிட்டீங்க. சன்ரூஃப் ரப்பர் தண்ணிய முழுசா தடுக்குறதுக்கு செஞ்சதே இல்ல, கொஞ்சம் தண்ணி உள்ள வரும், வந்தது நாலு மூலையில இருக்குற சின்ன ஓட்டை வழியா குழாய்ல எறங்கி கீழ போயிரும். வருஷ ஆரம்பத்துல பால் மரம் எலை கொட்டுற காலத்துல அந்த ஓட்டையில தூளும் காம்பும் போயி அடைச்சுக்கும். அப்புறம் தண்ணிக்கு போக எடம் உங்க கார்ப்பெட்தான். கார்ப்பெட்டுக்கு அடியில ஒயரும் கம்ப்யூட்டர் பெட்டியும் போகுது, ஒரு பெட்டி நனைஞ்சா ரப்பர் விலை இல்ல, சம்பளம் போகும்.

ஒரு கிளாஸ் தண்ணிய எடுத்து சன்ரூஃப தொறந்து மூலையில மெதுவா ஊத்துங்க. காடிக்கு அடியில சொட்டணும். தண்ணி தேங்கி நின்னா அடைப்பு. காத்து அடிச்சு எடுத்துருவோம்னு கம்ப்ரசர் குழாய வைக்காதீங்க, உள்ள குழாய் கழண்டுக்கும், அப்புறம் ரூஃப பிரிச்சாதான் மாட்ட முடியும். புல்லு வெட்டுற மெசின்ல சுத்தி இருக்கும்ல நைலான் கயிறு, அதுல ஒரு மீட்டர் வெட்டி, முனைய நெருப்புல லேசா காட்டி உருண்டையாக்கிட்டு, மெதுவா விட்டு ஆட்டுங்க. தோட்டத்துல அதுக்கு பஞ்சமா. அப்படியே விண்ட்ஸ்கிரீனுக்கு கீழ வைப்பர் பக்கம் சேந்த எலையையும் அள்ளிருங்க, அங்கயும் தண்ணி போற வழி இருக்கு. காடிய மரத்துக்கு கீழ விடுறதோ விடாததோ உங்க இஷ்டம், வெயில்ல விட்டா டாஷ்போர்டு வெடிக்கும்னு அதுக்கும் கடிதம் எழுதுவீங்க.

கேள்வி: எலி ஒயர கடிச்சு 1,800 வெள்ளி பில். திரும்ப வருமா?
(செம்பனை தோட்டத்து குவார்டர்ஸ்ல இருந்து ஒரு கிராணி)

பதில்: வரும். செம்பனை இருக்குற எடத்துல எலி இல்லாம இருக்குமா, தோட்டத்துல கூகைக்கு பெட்டி கட்டி வளக்குறதே அதுக்குதான், ஆனா கூகைக்கு போனட்ட தொறக்க தெரியாது. எஞ்சின் மேல மூடியிருக்குற கவர கழட்டி பாருங்க, அதுக்கு அடியில இருக்குற பஞ்சு எலிக்கு மெத்தை மாதிரி, ராத்திரி ஓட்டிட்டு வந்து விட்டா சூடு வேற, லயத்து அடுப்படிய விட சுகம். வாரத்துக்கு ஒரு தடவ அந்த கவர தூக்கி பாக்குறத பழக்கம் பண்ணிக்கங்க. காடி விடுற எடத்துல அரிசி மூட்டை, கோழி தீவனம், நாய் சோறு எதுவும் வைக்காதீங்க. எலி மருந்து மட்டும் காடிக்குள்ள வைக்க வேணாம், தின்னுட்டு ஏர்கான் பெட்டிக்குள்ள போயி செத்துச்சுன்னா டேஷ்போர்ட பிரிக்கிற கூலிக்கு ஒயர் பில் எவ்வளவோ தேவல. கூட்ட அள்ளும்போது கையுறை போடுங்க, வெறுங்கையால தொடாதீங்க, எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சல் வெளையாட்டு இல்ல.

கேள்வி: ஸ்பேர் டயரே இல்லாத காடிய வித்துட்டாங்க அண்ணே. நான் இருக்குறது எட்டாங்கட்டையில, ராத்திரி பஞ்சர் ஆனா என்ன பண்ண?
(லிந்தாங் ரோடு வாசகர்)

பதில்: ஏமாத்தல தம்பி, அது ரன்ஃப்ளாட் டயர், பக்கச்சுவர் தடியா இருக்கும். காத்தே இல்லன்னாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாம சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம்னு கணக்கு. எட்டாங்கட்டையில இருந்து பட்டணத்துக்கு அது தாராளம். ஆனா அந்த கணக்கு தார் ரோட்டுக்கு. செம்மண் ரோட்டுல லாரி டயர் பள்ளத்துல எறங்கி ஏறுனா ரிம்ம கேளுங்க அது சொல்லும். செம்பனை மட்டை முள்ளு பக்கச்சுவர்ல குத்திருச்சுன்னா ஒட்டு போட முடியாது, முழு டயர்தான். விலைக்கு பயந்து சாதா டயருக்கு மாறுறவங்க இருக்காங்க, மாறலாம், ஓட்டுறதுக்கு மெத்து மெத்துன்னும் இருக்கும், ஆனா நாலையும் மாத்துங்க, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு கலக்காதீங்க, பூட்ல காத்தடிக்கிற மெசினும் ஒட்டு சாமானும் வச்சுக்கங்க. 19 இஞ்சி ரிம்முதான் அழகுன்னு யாராவது சொன்னா அவர முதல்ல லிந்தாங் ரோட்டுல ஒரு நாள் ஓட்ட சொல்லுங்க.

கேள்வி: என் மகன் கோலாலம்பூர்ல வேலை. 2006 பிஎம்டபிள்யூ எம்5னு ஒரு காடிய வாங்கிட்டு தீபாவளிக்கு வந்தான். ரோட் டேக்ஸ் 11 ஆயிரம்னு சொல்றான், நான் நம்பல. இது நல்லதுக்கா?
(ஓய்வு பெற்ற தோட்டத்து கிராணி)

பதில்: ஐயா, தம்பி பொய் சொல்லல. அது 4,999 சிசி. 3,000 சிசிக்கு மேல போனா அடிப்படை 2,130 வெள்ளி, மேல வர்ற ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 காசு. பெருக்கி கூட்டுனா 11,125 வெள்ளி 50 காசு. நீங்க செக்ரோல்ல சம்பள கணக்கு போட்ட கை, ஒரு தடவ போட்டு பாருங்க. (ஆறுதலுக்கு சொல்றேன், மெர்சிடிஸ் சி63 பழசு வாங்கியிருந்தா 6,208 சிசி, 16,566 வெள்ளி.)

நல்லதுக்கான்னு கேட்டா, காடியா பாத்தா அது ஒரு அபூர்வம். பத்து சிலிண்டர், 507 குதிரை சக்தி, பாக்க ஆபீசர் காடி மாதிரி நாலு கதவு. ஸ்டார்ட் பண்ணதும் 400 குதிரைதான் குடுக்கும், மிச்சத்துக்கு தனியா ஒரு பட்டன அமுக்கணும். நான் ஒரே தடவ ஓட்டியிருக்கேன், ஜெலாபாங் டோல் தாண்டி மூணாவது கியர்ல மிதிச்சப்ப கேட்ட சத்தத்த இன்னும் மறக்கல, வேகம் எவ்வளவுன்னு இங்க எழுத மாட்டேன்.

ஆனா மகன்கிட்ட ரெண்டு விஷயம் கேளுங்க. கனெக்டிங் ராடு பேரிங் மாத்துன ரசீது இருக்கா? இந்த எஞ்சினுக்கு அதுதான் பேர் போன வியாதி, தேஞ்சு போயி சுத்துச்சுன்னா எஞ்சின் மொத்தமும் போச்சு, அதனால சத்தம் வர்றதுக்கு முன்னாடியே மாத்திடுறவங்கதான் புத்திசாலி. ரெண்டாவது, 10டபிள்யூ-60 ஆயில்தான் ஊத்துறாரா? அதோட காலையில ஸ்டார்ட் பண்ணா ஆர்பிஎம் மீட்டர்ல மஞ்ச விளக்கு வரிசையா எரியும், ஆயில் சூடாக சூடாக ஒவ்வொண்ணா அணையும். அது அணையுற வரைக்கும் மெதுவா ஓட்டுறாரான்னு பக்கத்துல உக்காந்து பாருங்க. அப்படி ஓட்டுனா உங்க மகன் காடிய மதிக்கிறவர், விட்டுருங்க. மஞ்ச எரியும்போதே மிதிச்சா அப்ப திட்டுங்க, எனக்கும் சேத்து.

கேள்வி: சம்போங் பாயார்ல (அதாவது அடுத்தவர் லோன நான் தொடர்ந்து கட்டுறது) 3 சீரிஸ் ஒண்ணு, 5 ஆயிரம் முன்பணம், மாசம் 1,400. எடுக்கலாமா?
(பேர் வேண்டாம்)

பதில்: கூடாது. லோன் முடியுற வரைக்கும் காடி பேங்க்கோடது, அடுத்தவன்கிட்ட கைமாத்தி விடுறது 1967 ஹையர் பர்ச்சேஸ் சட்டப்படி குத்தம். நீங்க கட்டுன காசுல உங்க பேர்ல ஒண்ணும் இருக்காது. அவன் பேங்க்குக்கு கட்டாம விட்டா காடிய இழுத்துட்டு போவாங்க, உங்க 5 ஆயிரத்துக்கு ரசீது கூட கிடையாது.

கேள்வி: 95 பெட்ரோல் ஊத்தலாமா 97 ஊத்தணுமா?
(நாலு பேர் கேட்டிருக்காங்க)

பதில்: பெட்ரோல் மூடிய தொறந்தா உள்பக்கம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அத படிங்க, என்ன கேக்காதீங்க. சாதா 2 லிட்டர் 520, 320க்கு 95 போதும். எம்5 மாதிரி காடிக்கு 98 போட சொல்லியிருக்கு, 95 ஊத்துனா எஞ்சின் தட்டாம இருக்க தானே நெருப்ப தள்ளி வச்சுக்கும், ஓடும், ஆனா காசு குடுத்து வாங்குன குதிரையில கொஞ்சம் படுத்துக்கும். 2025 செப்டம்பர் 30ல 1 வெள்ளி 99 காசுக்கு பூடி95ங்கற அரசாங்க மானிய பெட்ரோல் வந்ததும் பெரிய காடிக்காரங்களும் மைகாட் அடையாள அட்டைய நீட்டிட்டு நின்னத நானே பாத்தேன். தப்பில்ல, ஐசி எல்லாருக்கும் ஒண்ணுதானே.

கேள்வி: 12 வயசு மெர்சிடிஸ் இ கிளாஸ். லாரிக்காரன் பின்னாடி இடிச்சதுல கிளைம் பண்ணா, சாமான் விலையில 40 விழுக்காடு நான் கட்டணுங்கறாங்க. ஏமாத்துறாங்களா?
(சாலாக் வாசகர்)

பதில்: ஏமாத்தல. பெட்டர்மென்ட்னு பேரு. பழைய காடிக்கு புது சாமான் போட்டா காடி முன்ன விட நல்லாயிருதாம், அந்த வித்தியாசத்த நீங்க கட்டணுமாம். 5 வயசு காடிக்கு 15 விழுக்காட்டுல ஆரம்பிச்சு வருஷத்துக்கு 5 ஏறி 10 வயசுல 40 ஆகி அதோட நிக்கும். மைவிக்கு 40 விழுக்காடுன்னா பல்ல கடிச்சுட்டு கட்டிரலாம், இ கிளாஸ் பின் விளக்கு ஒரு ஜோடிக்கு 40 விழுக்காடுன்னா ராத்திரி தூக்கம் வராது. அடுத்த தடவ இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது இத தள்ளுபடி பண்ற ஆட்-ஆன் இருக்கான்னு கேளுங்க. வெள்ளத்துக்கும் கண்ணாடிக்கும் கூட தனித்தனியாதான் எடுக்கணும், சும்மா ஃபர்ஸ்ட் பார்ட்டின்னா எல்லாம் இருக்குன்னு நெனச்சுக்காதீங்க. செம்பனை குலை ஏத்துற லாரி பின்னாடி போறவங்க கண்ணாடிக்கு கண்டிப்பா எடுங்க, அதுல கிளைம் பண்ணா என்சிடியும், அதாவது கிளைம் பண்ணாததுக்கு கிடைக்கிற தள்ளுபடியும், போகாது.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நீங்க என்ன காடி ஓட்டுறீங்க?
(சுங்கை சிப்புட் அஞ்சடியில இருந்து, பேர் போடல, ஆனா கையெழுத்து எனக்கு தெரியும்)

பதில்: கடைக்கு சாமான் வாங்கறதுக்கு வீரா. கடைக்கு பின்னாடி தார்ப்பாய் போட்டு ஒரு 1998 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் நிக்குது, இ39, நாலு வருஷமா என்னுது. எஞ்சின் தங்கம். கியர் தங்கம். டிரைவர் பக்கத்து ஜன்னல மேல தூக்குற ரெகுலேட்டர் மட்டும் ஒடைஞ்சுபோச்சு, இந்த மாடலுக்கு அது பரம்பரை வியாதி. பழைய காடி சாமான் விக்கிற ஹாஃப்கட் கடையில சொல்லி வச்சு மூணு வாரம் ஆகுது, நாளைக்கு நாளைக்குங்கறான். கண்ணாடி பாதியில நிக்குது, அதான் தார்ப்பாய்.